எல்லாரும் கலைச்செல்வி

மச்சானின் பலகாரக் கடை சைட்டில் நேற்று சாயங்காலத்திலிருந்து யார் லாகின் செய்தாலும் "வாங்க கலைச்செல்வி". தாத்தாவும் கலைச்செல்விதான். ரெஃப்ரெஷ் செய்தால் சில நேரம் அப்துல் ஆகிவிடுகிறார். முகவரியும் கூடவே மாறுவதால், தாத்தா கேட்ட இரண்டு கிலோ அதிரசம் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. ஏன் வரும்?

மச்சான் இப்போது ஓப்பன்ரெஸ்டி பக்தர். என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வருக்குள் லூவா என்கிற நிரல்மொழி, அதுதான் ஓப்பன்ரெஸ்டி. வொர்க்கர் (ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கும் ப்ராசஸ்) ஒன்றுக்கு ஒரு லூவா விஎம் (லூவா கோடை ஓட்டும் இயந்திரம்); ரிக்வெஸ்ட் வரும், போகும், விஎம் அங்கேயே இருக்கும். ரிக்வயர் செய்து உள்ளே இழுத்த மாட்யூலும் (தனிக் கோடு ஃபைல்) அதன் தலையில் அறிவித்த மாறியும் அதனுள் நிரந்தரக் குடித்தனம். மச்சானின் கோடு என்ன சொல்கிறது? "பெயர் காலியாக இருந்தால் குக்கியிலிருந்து எடு." முதல் ஆள் வந்தபின் அது எங்கே காலியாக இருக்கும்! அப்பாச்சிக்குள் உட்காரும் பிஎச்பி, ரிக்வெஸ்ட் முடிந்ததும் மாறிகளைத் துடைத்துவிடும். மச்சான் அந்தச் சொகுசில் வளர்ந்தவர்.

சர்வரில் நான்கு ப்ராசஸர் கோர், வொர்க்கர் எண்ணிக்கை ஆட்டோ (கோருக்கு ஒன்று), ஆக நான்கு வொர்க்கர். ஊரே வந்தாலும் கடைக்கு வாடிக்கையாளர் நான்கு பேர்தான். என்ஜின்எக்ஸை ரீலோட் செய்தால் வேறு நான்கு பேர். இதைத்தான் மச்சான் "சரியாயிடுச்சு" என்று இரண்டு முறை அறிவித்தார்.

எரர் லாக் முதலிலேயே எச்சரித்தது: குளோபல் (எல்லாருக்கும் பொதுவான) மாறியில் எழுதுகிறாய், ரிக்வெஸ்டுகள் மோதிக்கொள்ளும் என்று. மச்சான் ஃபைலின் முதல் வரியில் 'லோக்கல்' சேர்த்தார். லாக் வாயை மூடிக்கொண்டது, தப்பு அப்படியே இருந்தது. மாட்யூல் மட்டத்து லோக்கலும் எல்லா ரிக்வெஸ்டுக்கும் பொதுச்சொத்துதான். பெயரை, ரிக்வெஸ்டுக்கென்று தனியாக உள்ள என்ஜிஎக்ஸ்.சிடிஎக்ஸில் வைத்திருந்தால் ரிக்வெஸ்டோடு அதுவும் போயிருக்கும். ஒரே வரி வேலை.

"என் லேப்டாப்புல நல்லாத்தானே ஓடுது?" ஓடும். அங்கே லூவா கோட் கேஷ், அதாவது கம்பைல் செய்த கோடை வைத்துக்கொள்ளும் வசதி, ஆஃப். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது விஎம். இதை விளக்கியதுதான் வினை. மச்சான் போய் லைவ் சர்வரிலும் கேஷை ஆஃப் செய்துவிட்டார். பெயர்கள் சரியாகிவிட்டன, ஒவ்வொரு கிளிக்குக்கும் லூவா ஃபைல் மொத்தமும் மறுபடி கம்பைல் ஆகிறது. வேகம் கெடும் என்று என்ஜின்எக்ஸ் கிளம்பும்போதே அலர்ட் காட்டுகிறது.

"அலர்ட்தானே, எரர் இல்லையே."

ஆர்டர் எஸ்எம்எஸ்ஸுக்கு ஓஎஸ்.எக்ஸிக்யூட் (வெளி நிரலை ஓட்டும் லூவா கட்டளை) வைத்து, வெப் முகவரிக்குச் செய்தி அனுப்பும் கர்ல் என்கிற நிரலைக் கூப்பிட்டிருக்கிறார். கர்ல் திரும்பும்வரை அந்த வொர்க்கரில் உள்ள மற்ற எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதையும் இப்போது சொன்னால் அக்கா பேச மாட்டாள். தீபாவளி முடியட்டும்.