கருப்பு மேடைக்குக் கருப்பு அடுப்பு வேண்டாம்

எங்கள் வீடு வேலூர் கொசப்பேட்டையில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய பழைய வீடு. சமையலறை எட்டடிக்கு ஆறடி. இருக்கிற ஒரே ஜன்னலுக்கு எதிரிலும் அடுத்த வீட்டுச் சுவர்தான். மேடை கடப்பைக்கல், சுவரில் சந்தன நிற டைல்ஸ். பொங்கல் நெருங்கும்போது ஃப்ரிட்ஜ், அடுப்பு, மிக்சி மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டி வந்தது.

சின்ன சமையலறை என்றாலே எல்லாரும் சொல்வது, "வெள்ளையா வாங்கு, இடம் பெருசா தெரியும்." ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய பொருளுக்கு அது சரி. தினமும் கை படுகிற சின்னச் சாமானுக்குக் கணக்கே வேறு. பெரியது சுவரோடு கலந்துபோக வேண்டும். சின்னது மேடையிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். எங்கள் வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம். சமையல் பாதி என் மாமியார் கையில். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, இடது கண்ணுக்கு இன்னும் ஆகவில்லை.

அதனால் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் பூப்போட்ட ஃப்ரிட்ஜ்கள் வரிசையாக நின்றன: ஒயின் சிவப்பு, அடர் நீலம், ஊதா. விற்பனைக்கு நின்ற தம்பி, "இந்த நீலம்தான் இப்ப நல்லா போகுதுக்கா" என்றார். அத்தை அதன் முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்தினார், பிறகு மறு கண்ணை.

"இந்தக் கண்ணுல பார்த்தா நீலம்மா. இதுல பார்த்தா கருப்பு. இன்னாம்மா இது?"

காரணம் உண்டு. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போகிறது. புரை விழுந்தால் இன்னும் அதிகம். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல, நீல வெளிச்சம் உள்ளே குறைவாகப் போகிறது. ஆபரேஷனில் அந்த லென்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைப்பதால் அந்தக் கண்ணுக்கு நீலம் பளிச்சென்று திரும்புகிறது. அத்தைக்கு ஒரே முகத்தில் இரண்டு விதமான கண். ஒரு நிறத்தை நம்பி எதையும் வாங்க முடியாது.

சரி, நீலம் வேண்டாம், சிவப்பு வாங்கலாம் என்றால் அதற்கும் ஒரு தடை. மங்கலான வெளிச்சத்தில் முதலில் இருண்டுபோகிற நிறம் சிவப்புதான். செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொல்லியிருக்கிறார். அவர் பெயரிலேயே அந்த விளைவு வழங்குகிறது. விடியற்காலையில் விளக்கு போடாமலே சமையலறைக்குள் போகிற பழக்கம் உள்ளவர் அத்தை. அந்த நேரத்தில் கடப்பைக்கல் மேல் இருக்கும் ஒயின் சிவப்பு மிக்சியும் கல்லும் ஒன்றுதான்.

ஆக, என்ன நிறம் என்று பார்ப்பதைவிட எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்று பார்ப்பதுதான் உதவும். இதற்குச் சுலபமான வழி, போனில் படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. பொருளின் விளிம்பு பின்னால் இருப்பதோடு கரைந்துபோனால் கண் மங்கியவருக்கும் அப்படித்தான் தெரியும். வீட்டு மேடையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். டைல்ஸ் போட்டபோது மிஞ்சின துண்டு ஒன்றும் பையில் இருந்தது.

அந்தத் துண்டு ரொம்ப உதவியது. கடையில் பளீரென்ற 6500 கெல்வின் விளக்கு. அதில் எல்லா வெள்ளையும் நீலம் கலந்த வெள்ளைதான். எங்கள் வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு. டைல்ஸ் துண்டை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துப் பார்த்தேன். சுத்த வெள்ளை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. வெளிர் சாம்பல் அடக்கமாகப் போனது. அதையே எடுத்தோம்.

ஃப்ரிட்ஜில் இன்னொன்றும் பாருங்கள். கடையில் கதவை மட்டும்தான் காட்டுவார்கள். சின்ன வீட்டில் கண்ணில் படுவது பக்கவாட்டுதான். எங்கள் வீட்டில் நிலைப்படிக்கு ஒட்டி நிற்பதால் கூடத்தில் உட்கார்ந்தால் முழுப் பக்கமும் தெரியும். பூப்போட்ட கதவுக்குப் பக்கவாட்டு பல மாடல்களில் வேறு நிறம். பக்கத்தைத் துணி போட்டு மூடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இப்போதைய பல ஃப்ரிட்ஜ்களில் சூட்டை வெளியே தள்ளும் குழாய் பக்கச் சுவருக்குள்தான் ஓடுகிறது. காற்று பட வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

அடுப்பு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். கண்ணாடி மேல்தட்டு அடுப்புதான் அழகு என்று என் கணவர் சொன்னார். அழகுதான். ஆனால் கருப்புக் கல்லின் மேல் கருப்புக் கண்ணாடி வைத்தால் அடுப்பு எங்கே முடிகிறது, கல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. குழம்புச் சட்டியை இறக்கி வைக்கும்போது அரைச் சட்டி அடுப்பு விளிம்பிலும் அரைச் சட்டி அந்தரத்திலும் நின்றால் என்ன ஆகும்? இன்னொன்று, எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான். உப்பு அதிகம். கருப்புக் கண்ணாடியில் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வட்டமாக நிற்கும். எவர்சில்வர் அடுப்பிலும் உப்புக்கறை படியும், ஆனால் கண்ணை உறுத்தாது. எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் போய்விடும். இரண்டு பர்னர் எவர்சில்வர் அடுப்பு வாங்கினோம். திருகுகிற குமிழ் மட்டும் கருப்பு, எவர்சில்வர் மேல் நன்றாகத் தெரிகிறது.

மிக்சி வெள்ளை. குமிழில் 1, 2, 3 என்ற எண்கள் கருப்பின் மேல் சாம்பலில் இருக்கும் மாடலை அத்தையே ஒதுக்கிவிட்டார். வெள்ளைக் குமிழில் கருப்பு எண் உள்ளதைத் தேடி எடுத்தோம். வெள்ளையில் மஞ்சள் கறை பிடிக்குமே என்று பலர் பயப்படுகிறார்கள். பிடிக்கும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், வெயிலில் வெளுக்கும். எனவே மூடியில் கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் வைத்துவிடுகிறேன். வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமா? முள்ளு கத்திரிக்காய்க் குழம்புக்கு அரைத்த அன்றைக்கு மூடி மாடி ஏறிவிடும்.

கிரைண்டர் மேடைக்குக் கீழே இருக்கிறது. அது எந்த நிறமானாலும் சரி.

இண்டக்‌ஷன் அடுப்புதான் மாட்டிக்கொண்டது. கடையில் எதைக் காட்டினாலும் மேலே கருப்புக் கண்ணாடி. கல்லின் மேல் வைத்தால் காணாமல் போகிறது. அந்த அடுப்பைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக, வெளிர் நிறப் பலகை ஒன்றை ஆசாரியிடம் சொல்லி அறுத்து வாங்கினேன். அடுப்புக்குக் கால்கள் இருப்பதால் அடியில் காற்று தடையில்லாமல் போகிறது. பலகை ஓரம் தெரிந்ததும், அதுவரை அதைத் தொடாமல் இருந்த அத்தை மத்தியானத்துக்குப் பால் காய்ச்ச அதில்தான் வைக்கிறார்.