காலையில் மட்டும் குலுங்கும் எஞ்சின்

பழைய மெர்சிடிஸ் 300ஈ (டபிள்யூ124) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் குலுங்கி, சூடானதும் சரியாகிவிட்டால், எடுத்த எடுப்பில் பெட்ரோல் பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள். சூடானதும் சரியாகிறது என்பதே பெரிய துப்பு.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். எவ்வளவு என்பதை இந்த வண்டியின் கேஇ-ஜெட்ரானிக் (பெட்ரோல் செலுத்தும் அமைப்பு) கம்ப்யூட்டர் முக்கியமாக, எஞ்சின் குளிர்நீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை நம்பித்தான் முடிவு செய்கிறது. ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்த சென்சாரின் மின்தடையை அளந்து பாருங்கள். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் பக்கம் வர வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே சில நூறு ஓம்தான் காட்டுகிறதா? எஞ்சின் சூடாக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது.

சென்சார் நன்றாக இருந்தால் அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் ரப்பர் சீல்களைப் பாருங்கள். வயதாகி இறுகிப்போனால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மின்னழுத்தம் எகிறாமல் காக்கும் ஓவர்வோல்டேஜ் ரிலேயையும் அதன் ஃப்யூஸையும்தான் முதலில் பார்ப்பேன்.

எவ்வளவு அருமையான ஆறு சிலிண்டர் எஞ்சின் இது! அது தடுமாறுவதைக் கேட்க மனசு வலிக்கிறது.

குலுக்கல் இல்லாமல், ஸ்டார்ட்டர் வெகுநேரம் சுற்றிய பிறகே எஞ்சின் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தம் தங்கவில்லை. அப்போது அந்த அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யூமுலேட்டரையும், பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வையும் பாருங்கள்.