இழை எண்ணித் தைக்கும் கந்தஹார் பூவேலை

டெல்லி லாஜ்பத் நகரில் ஆப்கானியக் குடும்பங்கள் நிறைய உண்டு. கந்தஹாரிலிருந்து வந்த ஓர் ஆண்ட்டியிடம் (தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது) 'காமக்' என்ற கந்தஹார் கைப்பூவேலையைக் கற்றுக்கொள்ளப் போனேன். எம்பிராய்டரி எனக்கு ஓரளவு வரும். ஆனால் இது வேறு.

துணிமேல் பென்சில் கோடு கிடையாது, ட்ரேசிங் கிடையாது. மெல்லிய பருத்தித் துணியின் நெடுக்கு நூலையும் குறுக்கு நூலையும் இழை இழையாக எண்ணித்தான் ஊசியை இறக்க வேண்டும். முக்கோணம், சாய்சதுரம், நட்சத்திரம் எல்லாமே அந்த எண்ணிக்கையில்தான் உருவாகின்றன. புள்ளிக்கோலம் போட்ட கைக்குக் கணக்கு பழக்கம்தான், ஆனால் இங்கே எண்ணப் புள்ளியே இல்லையே! பகல் வெளிச்சம் போனால் வேலையை மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

உருவத்தை நிரப்புவது பட்டு நூலில் சாட்டின் தையல், அதாவது இடைவெளியில்லாமல் நெருக்கி நெருக்கிப் போடும் நேர்த்தையல். நூலை இறுக்கினால் துணி சுருங்கும், தளர்த்தினால் தொளதொளக்கும். நான் கொடுத்ததை ஆண்ட்டி முன்பக்கம் பார்க்கவே மாட்டார். நேராகத் திருப்புவார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்க வேண்டும். முடிச்சு தெரிந்தால் "பிரி" என்பார். அவ்வளவுதான், விளக்கமெல்லாம் கிடையாது.

அவர் ஊரில் மணப்பெண் மாப்பிள்ளைக்குச் சட்டை முன்பக்கம் தைத்துக் கொடுப்பது வழக்கம். ஆண்கள் போர்த்தும் சால்வையிலும் இதே வேலை வரும். அதை வீட்டிலிருந்தே பெண்கள் செய்யும் வருமானமாக மாற்றியதில் ஆப்கானியத் தொழில்முனைவர் ரங்கினா ஹமிதி 2008இல் தொடங்கிய 'கந்தஹார் ட்ரெஷர்' நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் 2021இல் தாலிபான் திரும்பி வந்தது. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியது, தொண்டு நிறுவன வேலையும் போனது. 2023இல் அழகு நிலையங்களையும் மூடினார்கள். ஊரிலிருக்கும் ஆண்ட்டியின் உறவுப்பெண்ணுக்குப் பாதியில் நின்றது படிப்பு. இப்போது கையில் ஊசி. இதைப் போய் 'பாரம்பரியம் தழைக்கிறது' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் கொஞ்சம் தேறிய பிறகு, ஆண்ட்டி பூவேலை செய்த துணிகளை விற்க ஒரு கடைக்குக் கூடப் போனேன். கடைக்காரர் மிஷின் வேலையின் விலையைச் சொல்லிப் பேரம் பேசினார். ஆண்ட்டி துணியைத் திருப்பிக் காட்டினார்; கடைக்காரருக்கு வித்தியாசம் தெரிந்தது, விலை மட்டும் ஏறவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது தைத்த நேரத்தைக் குறித்து வைத்து, நூல், துணிச் செலவைத் தனியாகக் காட்டி, நேரடியாகவே விற்கிறோம். சிலர் வாங்குகிறார்கள், பலர் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.