காற்று எவ்வளவு?

கரை தெரிகிற கடலை வரைந்துவிடலாம், பாறையோ மணலோ ஏதாவது ஒன்று கைகொடுக்கும். நடுக்கடல் என்று ஆர்டர் வந்தால்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

முதல்முறை அல்ட்ராமரின் நீலத்தை அப்பி, வெள்ளையில் நுரையை வாரி இறைத்து, வெறிச்சென்று இருக்கிறதே என்று தூரத்தில் ஒரு பாய்மரத்தையும் வைத்து முடித்தேன். வாங்க வந்தவர் பல வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க காத்து எவ்வளவுங்க?" என்றார். எனக்கு விளங்கவில்லை. அலைத்தலைகள் வெள்ளையாக உடைய ஆரம்பிப்பதே காற்றின் வேகத்தை எண்ணால் சொல்கிற போஃபோர்ட் அளவில் 3-இல்தானாம், மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்று. நானோ கடல் முழுக்க நுரையை வைத்துவிட்டு, பாயைத் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கவிட்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் கடலை ஒழுங்காகப் பார்க்கவே ஆரம்பித்தேன். கிட்டத்தில் தண்ணீருக்குள்ளே பார்க்கிறோம், தூரம் போகப்போக வானத்தின் பிரதிபலிப்பைத்தான் பார்க்கிறோம், அதிலும் அலைகளின் முகம் நம் பக்கம் சாய்ந்திருப்பதால் அவை காட்டுவது அடிவானத்தை இல்லை, அதற்கு மேலே இருக்கிற வானத்தை. அதனால்தான் கடல் அடிவானத்தைவிடப் பெரும்பாலும் கருத்துத் தெரிகிறது. ஆகவே இப்போதெல்லாம் முதலில் வானம்தான். அடிவானத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாழாக்கிய கேன்வாஸ்கள் வேறு கதை.

எனக்குப் பிடித்த இடம், அலை உடைவதற்குச் சற்று முன்னால் அதன் தலை மெலிகிற இடம். பின்னாலிருந்து வெயில் ஊடுருவி அங்கே ஒரு பச்சை வரும். வெளிர் நிறத்தைக் காயவிட்டு, விரிடியன் பச்சையில் துளி மஞ்சள் கலந்து மெல்லியதாக மேலே இழுப்பேன், ஒரு விரல் அகலம் போதும். ஆசைப்பட்டு அகலப்படுத்தினால் சோடா பாட்டில் ஆகிவிடும். நுரைக்கும் நிழல் உண்டு, சுத்த வெள்ளை ஒன்றிரண்டு புள்ளிகளுக்குத்தான்.

ஆறாயிரம் ஓவியங்கள் வரைந்ததாகச் சொல்லப்படும் ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி (1817–1900), அசைகிற தண்ணீரை எதிரில் நின்று வரைய முடியாது, நினைவிலிருந்துதான் வரைய வேண்டும் என்று நினைத்தவர். வசதியான சாக்கு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் என் போன் படங்களில் அலை கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கிறது. இப்போது ஒரு மணி நேரம் சும்மா பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கே வரைகிறேன்.

அந்தக் கப்பல்காரருக்கு மறுபடி வரைந்ததில் பாய்மரத்தையே எடுத்துவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே போய்ப் பார்த்தார்.

"சரி, நாலு இருக்கும்" என்றார்.