எது எங்கே நின்றது

"பழையபடி ஆக்க முடியாதா தம்பி?"

"முடியாது அக்கா."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. 2019இல் ஒரு திங்கட்கிழமை முற்பகல் அது. அந்த வேகம்தான் இன்றும் உறுத்துகிறது.

மாற்றம் தேவைப்பட்டது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. பழைய புத்தகங்களைத் தட்டச்சு செய்யும் எங்கள் அலுவலகத்தில் எட்டுக் கணினிகள், எல்லாவற்றிலும் 2 ஜிபி ரேம்தான். அவற்றைப் பராமரிப்பவன் நான். லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான உபுண்டு 18.04 போட்டிருந்தோம். அதன் டெஸ்க்டாப் சூழலான, அதாவது பட்டைகளும் ஐகான்களும் கொண்ட முகப்பான, க்னோம் திரை வந்து நிற்பதற்குள்ளேயே பாதி நினைவகத்துக்கு மேல் போய்விடும். ஒரு பக்கம் ஸ்கேன் செய்த பழைய புத்தகம், இன்னொரு பக்கம் தட்டுவதற்கு லிப்ரே ஆபீஸ் என்று இரண்டையும் திறந்தால் வன்வட்டு ஓயாமல் ஓடும். தட்டிய எழுத்து மூன்று நான்கு நொடிகள் கழித்துத் திரைக்கு வரும். தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். திரை பின்தங்கினால் புள்ளி விழுந்ததா இல்லையா என்று பார்க்க முடியாது, நம்பித்தான் தட்ட வேண்டும். நாளெல்லாம் அப்படி நம்பித் தட்டியவர்களின் களைப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். புதிய கணினி வாங்கப் பணம் இல்லை. ரேம் வாங்கவும் அந்த ஆண்டு வழியில்லை.

ஆகவே க்னோமுக்குப் பதில், குறைந்த நினைவகத்தில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் சூழல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனியாக உட்கார்ந்து எட்டுக் கணினிகளையும் மாற்றினேன். ஒவ்வொருவரின் கோப்புகளையும் முதலில் வெளி வட்டில் காப்பெடுத்தேன். பிறகு எக்ஸ்எஃப்சிஇயை நிறுவி, உள்நுழைவுத் திரையை மாற்றி, கடைசியாக க்னோமை முற்றிலும் நீக்கினேன். ஞாயிறு இரவு எட்டும் சட்டென்று திறந்து, தட்டியவுடன் எழுத்தைக் காட்டின. நல்ல வேலை செய்தோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனேன். அந்த நிறைவு பொய்யில்லை.

க்னோமை நீக்கியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீக்க வேண்டிய அவசியமே இல்லை. லினக்ஸில் ஒரே கணினியில் இரண்டு மூன்று டெஸ்க்டாப் சூழல்களை வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் கொடுக்கும் இடத்திலேயே இன்றைக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். வட்டில் இடம் சேமிக்க நீக்கியதாக அலுவலகப் பதிவேட்டில் எழுதினேன். 500 ஜிபி வட்டு அது, கால் பங்குகூட நிறையவில்லை. உண்மைக் காரணம், இரண்டு இருந்தால் இரண்டு விதமான கேள்விகள் வரும், இரண்டையும் நான் ஒருவனே பார்க்க வேண்டும் என்பது. தனி ஆளாகக் கணினிகளைப் பராமரிப்பவர்களுக்கு இந்தக் காரணம் அற்பமாகத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் பதிவேட்டில் அதை எழுதக் கை வரவில்லை.

திங்கள் காலை முதல் சிக்கல் தமிழ். க்னோம் தன் உள்ளீட்டு முறைகளின் பட்டியலைத் தன் அமைப்புகளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. எக்ஸ்எஃப்சிஇக்கு அந்தப் பட்டியல் தெரியாது. உள்ளீட்டு முறைகளை இயக்கும் ஐபஸ் என்ற மென்பொருளின் அமைப்பில் ஒவ்வொருவர் பெயரிலும் தமிழ்99ஐ மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. எட்டு மேசைகளுக்கும் நடந்து, எல்லோரையும் தட்ட வைத்து முடிக்க மணி பதினொன்று ஆகிவிட்டது.

அக்கா மட்டும் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தமிழ் வருகிறதே அக்கா?"

"வருகிறது. இதெல்லாம் ஏன் இப்படி நிற்கிறது?"

ஐகான்களைக் காட்டினார். நாற்பத்தொரு கோப்புகள், மேலிருந்து கீழாக, இடது ஓரத்திலிருந்து வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. எனக்கு அது ஒழுங்காகத்தான் தெரிந்தது. "ஒரு கோப்பும் போகவில்லை அக்கா, எண்ணிப் பாருங்கள்" என்றேன்.

"ஃபைல் எல்லாம் இருக்கிறது தம்பி. எது எங்கே நின்றது என்பதுதான் இல்லை."

பிறகு விளக்கினார். கோபமாக அல்ல, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லும் நிதானத்தோடு. இடது ஓரத்தில் நிற்பவை தட்ட வேண்டிய அத்தியாயங்கள். நடுவில் நிற்பவை தட்டி முடித்து மெய்ப்புக்குக் காத்திருப்பவை. வலது ஓரத்தில் மெய்ப்பு முடிந்தவை. நடு வரிசையிலிருந்து ஓர் ஐகான் கொஞ்சம் விலகி நின்றால், அதன் மூலப் பக்கத்தில் பூச்சி அரித்த வரி இருக்கிறது, வேறு பிரதியைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு சந்தேகம். இதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. கோப்பின் பெயரிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. திரைதான் அவருடைய பதிவேடு. மூன்று மாத வேலையின் நிலவரம் முழுவதும் அந்த இடங்களில் இருந்தது. நான் அதைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். அவர் ஐகான்களைச் சிதறவிட்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. நானும் முடியாது என்றேன்.

முடியாது என்பது உண்மையா? அந்தத் திங்கட்கிழமை எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸ், ஐகான் நிற்கும் இடத்தைக் கோப்புக்குள் எழுதுவதில்லை. பயனரின் அடைவுக்குள், அதாவது அவருடைய சொந்த ஃபோல்டருக்குள், ஒரு மறைந்த இடத்தில், இந்தக் கோப்பு இந்த இடத்தில் என்று குறித்து வைக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ தன் குறிப்பை வேறோர் இடத்தில் வேறு விதமாக எழுதுகிறது. ஒன்றின் குறிப்பை மற்றொன்று படிக்காது. ஆனால் க்னோமை நீக்கும் கட்டளை பயனரின் அடைவுக்குள் கை வைப்பதில்லை. ஆக அக்காவின் மூன்று வரிசைகளும் அதே வட்டில், அதே நேரத்தில், படிக்க ஆளில்லாமல் இருந்தன. க்னோமை மறுபடி நிறுவி ஒருமுறை உள்ளே போயிருந்தால் திரையைப் படம் பிடித்துக் கொடுத்திருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு அன்று தெளிவாகத் தெரியாது என்று சில நாள் சமாதானம் செய்துகொள்வேன். அது முழு உண்மையில்லை. நீக்கிய மென்பொருளின் அமைப்புகள் பயனர் அடைவில் தங்கும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசித்தால் தெரிந்துவிடும் என்பதனால்தான் யோசிக்காமல் பதில் சொன்னேனோ என்ற இடத்தில் போய் நின்றுவிடுகிறேன். அவருக்கு ஒன்று செய்தால் ஏழு பேரும் கேட்பார்கள் என்ற பயமும் இருந்தது. மற்ற ஏழு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேகம் பிடித்திருந்தது.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது நான் கொதித்தவர்களில் ஒருவன். பல ஆண்டுகள் பழகிய மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் ஒரே மேம்படுத்தலில் போய்விட்டன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கடுமையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2இன் மூலநிரலை எடுத்து, தங்கள் நாட்டுப் பானத்தின் பெயரைச் சூட்டி, மாத்தே என்று தொடர்ந்து வளர்த்தார். நான் அதில்தான் அடைக்கலம் புகுந்தேன். யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்று நண்பர்களிடம் அன்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! டோர்வால்ட்ஸ் பின்னாளில் க்னோமுக்கே திரும்பிவிட்டார். போகவும் வரவும் அவருக்குக் கதவு திறந்திருந்தது. எனக்கும் திறந்திருந்தது. அக்காவுக்கு இருந்த கதவை நான் ஞாயிறு மாலை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

க்னோமை உருவாக்குபவர்கள் 3.28 பதிப்பை ஒட்டி, டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்கும் வசதியை நாட்டிலஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். உபுண்டு 18.04ஐத் தயாரித்தவர்கள் மற்ற பெரும்பாலானவற்றைப் புதிதாக்கினாலும் நாட்டிலஸைப் பழைய 3.26இலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஐகான்கள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அது. எங்கோ இருந்தவர்கள் அக்காவைப் போன்றவர்களை நினைத்துச் செய்த காரியம் அது. இருபதடி தூரத்தில் இருந்த எனக்கு அந்த நினைப்பு வரவில்லை.

அக்கா அன்று பிற்பகலிலிருந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தார். நான்கு நாட்கள் ஆயின. பிறகு ஒரு நீளமான நோட்டு வாங்கி, கோடு போட்டு, அத்தியாய எண், தட்டிய தேதி, மெய்ப்பு, சந்தேகம் என்று எழுதத் தொடங்கினார். அந்த நோட்டு எங்கள் எல்லோருக்கும் பயன்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வன்வட்டு திடீரென்று பழுதானபோது, காப்பு எடுத்ததற்குப் பிந்தைய வேலை எது எது என்று நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "அன்றைக்கு அப்படி ஆனது நல்லதுக்குத்தான்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அக்காவும் தலையசைத்தார். திரையில் மட்டும் இருக்கும் பதிவு ஆபத்தானது, அதை யாராவது ஒருநாள் கலைத்தே தீர்வார்கள் என்று எனக்கும் வாதம் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அவருக்கு அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரிடமிருந்த ஒன்றைப் பிடுங்கினேன், அவர் வேறொன்றைச் செய்துகொண்டார். பலன் நன்றாக இருந்ததை என் கணக்கில் எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. சில நாட்கள் எழுதிக்கொள்ளவும் செய்கிறேன்.

2023இல் 18.04க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகளைக் கழிக்கும் வேளையில் அந்த வார இறுதியில் எடுத்த காப்பு வட்டு கையில் கிடைத்தது. ஒரு கணினியில் க்னோமோடு 18.04ஐப் புதிதாக நிறுவி, அக்காவின் பயனர் பெயரையே கொடுத்து, அவருடைய அடைவை அப்படியே மீட்டு, அவர் பயன்படுத்திய அதே அளவுத் திரையை இணைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உள்ளே போனதும் வந்து நின்றன, இடது வரிசை, நடு வரிசை, வலது வரிசை. நடுவில் ஐந்து ஐகான்கள் விலகி நின்றன. வெள்ளிக்கிழமை மாலை அவர் எழுந்துபோன நிலையில் எல்லாம் இருந்தன.

படம் பிடித்து வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. அந்தப் புத்தகம் முடிந்து, ஒலிநூலாகவும் ஆகி வெகுநாளாயிற்று. இனி அவருக்கு அது பயன்படாது. அன்று முடிந்திருக்கும் என்பதை மட்டும் அது அவருக்குக் காட்டும். இரண்டு முறை அவர் மேசைவரை போய், வேறு ஏதோ பேசித் திரும்பினேன்.

படத்தின் வலது கீழ்மூலையில், மூன்று வரிசையிலும் சேராமல், ஒரே ஒரு கோப்பு தனியாக நிற்கிறது. பதினேழாம் அத்தியாயம். அந்த மூலைக்கு என்ன அர்த்தம் என்று அவர் அன்று சொன்னவற்றில் இல்லை. திறந்து பார்த்தேன். முழுவதும் தட்டப்பட்டிருக்கிறது, பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏன் அங்கே வைத்தீர்கள் என்று அவரைக் கேட்க வேண்டும். கேட்டால், அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார்.