புருண்டி போய் வந்தேன்: ஊசி, டாலர், பெட்ரோல், அப்புறம் கிதேகா ரோடு

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்ன நாடான புருண்டிக்குப் போக நினைக்கிறவர்கள் விசாவைப் பற்றி யோசிக்கும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் செல்லும், நான் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பார்கள், ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மஞ்சள் அட்டையில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். கவனிக்க வேண்டியது தேதியைத்தான்: ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்த அட்டை செல்லுபடியாகும். அது இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிட முடியும், எனவே டிக்கெட் போடும்போதே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மலேரியா அங்கே அதிகம், மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

ஏன் புருண்டி என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் நண்பன் கூப்பிட்டான், அதுதான் நேரடிக் காரணம். ஆனால் ருவாண்டா இனப்படுகொலையைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம், ஒட்டியே இருக்கும் இந்த நாட்டில் 1993 முதல் 2005 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் மூன்று லட்சம் பேர் செத்ததைப் பற்றித் தமிழில் அநேகமாக யாருமே எழுதவில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

மும்பையில் இருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து புருண்டியின் பெரிய நகரமான புஜும்புரா. ருவாண்டா தலைநகர் கிகாலி வரை விமானத்தில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும், அதை நம்பாதீர்கள். ருவாண்டா எல்லையை 2024 ஜனவரியில் புருண்டி மூடியது, நான் போனபோதும் மூடித்தான் இருந்தது. மேற்கே காங்கோ பக்கம் சண்டை, 2025 ஆரம்பத்தில் அங்கிருந்து பல்லாயிரம் பேர் ருசிசி ஆற்றைக் கடந்து இந்தச் சின்ன நாட்டுக்குள் வந்தார்கள். அதனால் வானத்து வழிதான் வழி. விமான நிலையம் வெள்ளை வெள்ளையாகக் குவிமாடங்கள் போட்ட கட்டடம், பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் அதை போட்டோ எடுக்காதீர்கள். அரசுக் கட்டடம், பாலம், சீருடையில் இருப்பவர்கள் எதையுமே எடுக்கக் கூடாது. முதல் அதிபராக மக்கள் தேர்ந்தெடுத்த மெல்ஷியோர் இந்தாதாயேயின் பெயர்தான் இப்போது அந்த நிலையத்துக்கு. பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே, 1993 அக்டோபர் 21-ல் ராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள், போர் அதில்தான் தொடங்கியது.

விசாவை எனக்கு விமான நிலையத்திலேயே கொடுத்தார்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, மஞ்சள் அட்டை மூன்றையும் அச்சடித்துக் கையில் வைத்திருந்ததால் பெரிதாகக் கேள்வி இல்லை. எல்லாமே பிரெஞ்சில் நடக்கும், நாலு வரி பிரெஞ்சு எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

பணம் இன்னொரு பெரிய பாடு. கார்டை நம்பிப் போகாதீர்கள், முழுச் செலவுக்கும் டாலர் நோட்டாகவே கொண்டுபோங்கள், அதுவும் மடிப்பு, கிறுக்கல், ஓரக் கிழிசல் எதுவும் இல்லாத புது நோட்டு. என் நோட்டு ஒன்றில் மூலையில் பேனா மை லேசாகப் பட்டிருந்தது, விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார் ஹோட்டல்காரர். வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். வெளியே மாற்றுவது சட்டப்படி குற்றம், தெருவில் யாராவது கூப்பிட்டால் நின்று பேசக்கூட வேண்டாம். ஊர்க்காரர்களைத்தான் நினைக்க வேண்டும். சம்பளம் உள்ளூர்ப் பணமான பிராங்கில் வருகிறது, வெளியில் இருந்து வரும் சாமானெல்லாம் வெளிச்சந்தை டாலர் விலைக்கு ஏறி நிற்கிறது.

சரி, பெட்ரோலுக்கு வருகிறேன். டாலர் இல்லாத நாட்டால் பெட்ரோல் வாங்க முடியாது, கடற்கரையும் கிடையாது, தான்சானியாவின் துறைமுகத்தில் இறக்கி லாரியில்தான் வர வேண்டும். புஜும்புராவில் பங்க்குகளுக்கு முன்னால் கார்கள் வரிசையாக நிற்கும், உள்ளே ஆள் இருக்காது, எப்போது டேங்கர் வரும் என்று தெரியாததால் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வேலைக்கு நடந்து போய்விடுகிறார்கள். காலையிலும் மாலையிலும் ரோட்டோரம் முழுக்க நடக்கும் ஜனங்கள், ஆபீஸ் உடையில், கையில் செருப்போடு, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு. நகர மையத்தில் மோட்டார் சைக்கிள் டாக்சிகளை 2022-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆகவே வாடகைக்குக் கார் பேசும்போது முதல் கேள்வியே "பெட்ரோல் கையில் இருக்கிறதா" என்பதாக இருக்க வேண்டும். எங்கள் டிரைவர் முன்பணம் வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார், எங்கே பிடித்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிக்கியில் மஞ்சள் கேன், ஜன்னலைத் திறந்து வைத்தும் போகாத நாற்றம். தெற்கே புருரி பக்கம் புத்தா செமினரிக்கும் (கத்தோலிக்கப் பாதிரியார் பயிற்சிப் பள்ளி) போக ஆசை. ஹூட்டு, டுட்சி இரண்டும்தான் போரில் மோதிக்கொண்ட இனக்குழுக்கள். 1997 ஏப்ரல் 30-ல் ஹூட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்று துப்பாக்கியை நீட்டியபோது பிரிய மறுத்து நாற்பது மாணவர்கள் செத்த இடம் அது. அவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோல் இல்லை, கிதேகா வரை போய்த் திரும்பத்தான் கணக்கு சரியாக இருந்தது.

கிதேகா 2019-லிருந்து அரசியல் தலைநகரம், புஜும்புராவில் இருந்து நூறு கிலோமீட்டர் சுமார். புஜும்புராவை ஒட்டிய தாங்கனீகா ஏரியின் மட்டமான 770 மீட்டர் உயரத்தில் இருந்து கிளம்பி புகராமாவில் இரண்டாயிரத்தைத் தாண்டி ஏறுகிற மலைப்பாதை. இந்த ரோட்டில் சைக்கிள்காரர்களைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. பச்சை வாழைத்தாரைச் சைக்கிளின் இரு பக்கமும் கட்டி, கைப்பிடி மட்டும் தெரிகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் விர்ரென்று இறங்குகிறார்கள். காலில் இருக்கும் ரப்பர் செருப்பைப் பின் சக்கரத்தில் தேய்த்துத்தான் ஒருவன் வேகம் குறைத்தான். திரும்பி மேலே ஏற, போகிற லாரியின் பின்கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், ஒரே லாரியில் நாலைந்து பேர். அதில் ஒரு பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. பிடித்த கையில் பழைய துணி சுற்றியிருந்தான், வளைவில் லாரி ஒடிக்கும்போது உடம்பை உள்பக்கம் சாய்த்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அடிவயிறு கலங்கியது. இதில் சாகிறவர்கள் உண்டு என்று டிரைவர் சொன்னார்.

கிதேகாவை நெருங்கும்போது ரோட்டோரமே கிபிம்பா நினைவிடம். ஹூட்டுவான இந்தாதாயே கொல்லப்பட்ட அன்றைக்கு, பக்கத்துப் பள்ளியின் டுட்சி மாணவர்களை ஒரு பெட்ரோல் பங்க்கில் அடைத்து எரித்தார்கள். "இனி ஒருபோதும் வேண்டாம்" என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. டிரைவர் வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. நான் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்தேன். அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை, போகிற எல்லாரையும் இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: யாரையும் நீ ஹூட்டுவா டுட்சியா என்று கேட்காதீர்கள். வண்டிக்குள், கடையில், பாரில், எங்கேயும். கிபிம்பாவை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பக்கத்துக் கதையோடு திரும்புவதும் தப்பு. 1972-ல் படித்த ஹூட்டுகளைப் பட்டியல் போட்டுப் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள், செத்தவர்கள் லட்சத்துக்கு மேல், அவர்களுக்காக வாய்விட்டு அழக்கூட நெடுங்காலம் விடவில்லை. 2020-ல்தான் கருசியில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தோண்டி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகளை எடுத்தது. 2000-ல் தான்சானியாவின் அருஷா நகரில் போட்ட சமாதான ஒப்பந்தத்திலும் அதை ஒட்டி வந்த 2005 அரசியல் சட்டத்திலும், ஹூட்டுவுக்கும் டுட்சிக்கும் அரசுப் பதவிகளில் 60-க்கு 40, ராணுவத்தில் பாதிக்குப் பாதி என்று எண்களாகவே எழுதி வைத்தார்களே, அப்படி எழுதாமல் ஒருவரை ஒருவர் நம்ப முடியாத நிலை அது.

கிதேகாவுக்குப் பக்கத்திலேயே கிஷோரா மேளக் கூடம். முன்னாலேயே சொல்லி வைத்து, விலை பேசி முடித்துவிட்டுப் போங்கள். ஆளுயரத்தில் முக்கால்வாசி இருக்கும் மரத்துடி, அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே வரிசையாக இறங்கி வருகிறார்கள். கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது, கால் மட்டும் தாளம் தப்பவில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்வதை உணர முடிந்தது. யுனெஸ்கோ 2014-ல் இதைப் பட்டியலில் சேர்த்தது. பெண்கள் இந்தத் துடியை அடிக்கக் கூடாது என்று 2017-ல் அரசாணை போட்டிருக்கிறார்கள், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இன்னும் சில விஷயங்கள். சனிக்கிழமை காலை ஊர்ப் பொதுவேலை நேரம், பத்தரை வரை ரோட்டில் வண்டி ஓடாது, அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள். சாயங்காலம் தாங்கனீகா ஏரிக் கரையில் நீர்யானை மேலே ஏறி வரும், இருட்டிய பிறகு தண்ணீர் ஓரம் நடக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து முகேகே மீன் சுட்டுத் தரச் சொல்லுங்கள், இந்தகாலா என்று நம் நெத்திலி மாதிரிக் குட்டி மீன் கிடைக்கும், அதையும் விடாதீர்கள்.

கிளம்பும் முன் பிராங்கைத் தீர்த்துவிடுங்கள், நாட்டுக்கு வெளியே அதை மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்காது. நான் மிச்சமிருந்த பணத்துக்கு வறுத்த காப்பிக்கொட்டையாக வாங்கினேன், கயான்சா மலைகளில் விளைந்தது. வீட்டுக்கு வீடு சில நூறு செடி வைத்திருக்கும் சின்ன விவசாயிகள் பறித்தது, நாட்டுக்கு டாலர் கொண்டுவருகிற சில சரக்குகளில் அதுவும் ஒன்று. யாராவது போகிறீர்கள் என்றால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், அந்த டிரைவரிடம் கேட்டு அவர் சம்மதித்தால் அவர் நம்பரையும் தருகிறேன்.