வேதாரண்யம் கரையில் மீட்பு ஹெலிகாப்டர்களைப் பதிவு செய்யும் முயற்சி: இதுவரை

ஆறுகாட்டுத்துறை முதல் கோடியக்கரை வரை கரையோரமாக வந்துபோகும் கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். படைத்தளங்களின் அருகே படம் எடுக்கக் கூடாது என்பதால் பைனாகுலர், திசைகாட்டி, கட்டம் போட்ட நோட்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். இந்த வேலைக்கு அவையே போதும்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் நமக்கு அருகில் இருந்தாலும் அது சுகோய்-30 போர் விமானங்களின் இருப்பிடம். நம் கடலுக்கு வரும் ஹெலிகாப்டர்களுக்குத் தெற்கே உச்சிப்புளியில் 2009-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது, வடக்கே சென்னையில் கடலோரக் காவல்படையின் 840-ஆவது பிரிவு 2022 ஜூன் முதல் துருவ் மார்க்-3 வகையோடு இயங்கத் தொடங்கியது. உச்சிப்புளியிலிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் சுமார் 140 கி.மீ. என்பதால் சேத்தக் வகை ஹெலிகாப்டர் வந்து சேரவே முக்கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. திரும்பிப் போவதற்கான எரிபொருளையும் கழித்தால் தேடுவதற்கு மிஞ்சும் நேரம் மிகவும் குறைவு.

வகையைப் பிரித்தறிய மேலே சுழலும் இறக்கைகளைப் பார்ப்பதே நம்பகமானது. சேத்தக்குக்கு ஒரே எஞ்சின், மூன்று இறக்கைகள். துருவுக்கு இரண்டு எஞ்சின்கள், நான்கு இறக்கைகள். 2025 ஜனவரி 5-இல் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் உயிரிழந்ததை அடுத்து அந்த வகை முழுவதும் பறக்காமல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வந்த என் பக்கங்களில் மூன்று இறக்கைக் குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன.

பெரிய முன்னேற்றம் பாதையை வரையத் தொடங்கியபின் வந்தது. நேரத்தையும் திசையையும் மட்டும் எழுதியவரை ரோந்தும் தேடலும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒவ்வொரு நிமிடமும் திசைகாட்டியில் கோணம் பார்த்துக் கட்டத்தில் புள்ளி வைத்தபோது வேறுபாடு தெளிவானது: ரோந்து கரையை ஒட்டி நீண்ட கோடாகப் போகிறது, காணாமல்போன படகின் இடம் ஓரளவு தெரிந்திருந்தால், அந்த இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் செங்கோணமாகத் திரும்பி, ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று என்று நீளும் பக்கங்களோடு விரியும் சதுரமாகப் பறக்கிறார்கள். இடமே தெரியாதபோது வயலை உழுவதுபோல இணைகோடுகளாகப் போய் வருகிறார்கள். கரையிலிருந்து தொலைவைக் கணிப்பது கடினம் என்பதால் என் சதுரங்கள் சற்று நசுங்கியே இருக்கின்றன. ஆனாலும் எந்தப் பக்கம் நீள்கிறது என்பது தவறாமல் பதிவாகிறது. கரையில் உறவினர்கள் காத்து நிற்கும் நாளில் அப்படியொரு சதுரம் தாளில் விரிவதைப் பார்க்கும்போது, இன்னும் தேடுகிறார்கள் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. இந்தப் பதிவேட்டின் மிகப் பெரிய பயனாக நான் கருதுவது இதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அடுத்த வாடைப் பருவத்துக்குள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனி நிரல் சேர்த்து, எஞ்சின் நின்ற ஃபைபர் படகு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று மீனவர்கள் சொல்வதையும், சதுரத்தின் நடுப்புள்ளி நாளுக்கு நாள் நகரும் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.